சர்வேயர் வீட்டுக்குள் வந்த கடல்

ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நத்தைக்குறிச்சியின் பெரிய தெரு வடக்குத் தெற்காகப் பிளந்துகொண்டது. அப்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றும், பழைய வேட்டியை நடுவில் கிழிக்கிறபோது வருகிற சத்தம் ஒன்று கேட்டது என்றும், அது டீக்கடைக்காரர் பாவாடை கடை திறக்கும் முன் விட்ட கொட்டாவிதான் என்றும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் பிளவு நாலு விரற்கடை அகலம் இருந்தது என்பதிலும், உள்ளே கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது என்பதிலும் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிளவு வடக்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிளம்பி, மாரியம்மன் கோயிலுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி, ரேஷன் கடை வாசலில் ஒரு வளைவு வளைந்து, டவுன் பஸ் திரும்புகிற இடத்தைக் கடந்து, தெருவின் தெற்குக் கோடியில் இருந்த சர்வேயர் கலியபெருமாளின் வீட்டு வாசற்படியை இரண்டாக்கி உள்ளே நுழைந்து, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்துபோய்க் கொல்லை வழியாக வெளியேறியது. கலியபெருமாள் அப்போது கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செந்தாமரை, அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் சமூக அறிவியல் டீச்சர், அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். இருவரும் பிளவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர் நகத்தையும் அவள் பாலையும் கவனிக்கப் போனார்கள். அவர்கள் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு நின்றுபோன கதை பெரிய கதையில்லை. செந்தாமரையின் தம்பி வீடு கட்டிக் குடிபோன நாளில், பந்தியில், எதிரிலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஏம்மா, நம்மூரு காட்டுல உழுதா நத்தையும் சிப்பியும் கல்லாக் கெடக்குதே, அது ஏன்?" என்று கேட்டார். செந்தாமரைக்குப் பிடித்த கேள்வி அது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்றும், எல்லா நிலமும் ஒரே நிலமாய் ஒட்டிக்கிடந்தது என்றும், பிறகு உடைந்து தனித்தனியாக நகர்ந்து இந்தியா வடக்கே போய் ஆசியாவை முட்டியதில்தான் இமயமலை எழும்பியது என்றும், இன்றைக்கும் நிலம் வருஷத்துக்கு நகம் வளருகிற அளவு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்றும் ரசம் ஆறுவதைக்கூடப் பார்க்காமல் சொன்னார். அப்போது பக்கத்து இலையிலிருந்த கலியபெருமாள், "இருபத்திரண்டு வருஷமா சங்கிலி பிடிச்சு அளக்குறேன். நான் நட்ட கல்லு ஒண்ணு ஒரு விரக்கடை நகரலை. இவ இந்தியாவே நகருதுங்கறா" என்று சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சினார். பந்தியில் நாற்பது பேர் சிரித்தார்கள். பரிமாறியவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். செந்தாமரை பாயசத்தை முழுக்கச் சாப்பிட்டார், இலையை மூடினார், அதோடு அவர் வாயும் மூடிக்கொண்டது. அவளே பேசட்டும் என்று இவரும், அவரே பேசட்டும் என்று அவளும் காத்திருந்ததில் ஆறு ஆடி போய்விட்டது.

ஆகவே நிலம் உண்மையாகவே நகர்ந்த அன்று, உலகத்திலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் செந்தாமரைதான். ஆனால் அதைச் சொல்லிக்காட்ட வேண்டுமென்றால் முதலில் பேச வேண்டும். அதனால் சந்தோஷத்தையும் பாலோடு சேர்த்து மூடி வைத்தார்.

ஊர் தன் வேலையைப் பார்த்தது. முதல் நாள் பிளவில் செங்கல் கொட்டினார்கள், போய்விட்டது. இரண்டாம் நாள் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டினார்கள், அதுவும் போய்விட்டது. மூன்றாம் நாள் பாவாடை தன் கடை பெஞ்சைக் குறுக்கே போட்டு, இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தபடி டீ ஆற்றினார். நாலாம் நாள் பெஞ்சு எட்டவில்லை. பிளவு நாளுக்கு ஒரு முழம் அகன்றது, பிறகு நாளுக்கு ஓர் ஆள் நீளம் அகன்றது, ஐந்தாம் நாள் அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. தொட்டி உடைந்துவிட்டது என்று நினைத்து ஊராட்சித் தலைவர் தனக்கோடி அம்மாள் ஓடிவந்தார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தவர் அப்படியே நிமிர்ந்து, "உப்பு கரிக்குது. கடலு வந்துருச்சு" என்று, பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். கடற்கரைக்கு நாலு மணி நேரம் பயணம் போக வேண்டிய ஊருக்குக் கடலே வந்ததைப் பற்றி அன்றைக்கு நடந்த ஒரே விவாதம், இனிமேல் அடி பைப்பில் எந்தத் தண்ணீர் வரும் என்பதுதான். நல்ல தண்ணீரே வந்தது. அதனால் விவாதம் முடிந்தது.

மேலக்கரையில் ரேஷன் கடையும் பஸ் நிறுத்தமும் முடிவெட்டும் கடையும் பாவாடையின் டீக்கடையும் நின்றன. கீழக்கரையில் பள்ளிக்கூடமும் கோயிலும் தொட்டியும் சுடுகாடும் நின்றன. அரிசி மேற்கே, சாமி கிழக்கே. பள்ளிக்கூடம் தங்களை விட்டு விலகிப் போகிறது என்று மேலக்கரைப் பிள்ளைகள் ஒன்பது நாள் ஆனந்தமாக இருந்தார்கள். பத்தாம் நாள் டவுன் பஸ் கண்டக்டர் உத்திராபதி, திரும்ப இடமில்லாமல் நின்றுபோன பஸ்ஸின் டியூப்களைக் கழற்றி, மூங்கிலைக் கட்டி, ஒரு மிதவை செய்துவிட்டார். பின்பக்கத்தில் நின்றுகொண்டு விசிலடித்து "ரைட்டு" என்று அவர் சொன்னால்தான் மிதவை நகரும். யாரும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குப் புறப்படும். நடுக்கடலில் ஒரு கழியை நட்டு அங்கேயும் ஒரு நிமிஷம் நிறுத்துவார். "ஸ்டாப்பிங்குன்னா ஸ்டாப்பிங்குதான்" என்பார்.

கலியபெருமாள் வீட்டில் கூடம் மேலக்கரையிலும் அடுப்படி கீழக்கரையிலும் இருந்தன. நாலு விரற்கடையாக இருந்தபோதே ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் யார் காலைத் தூக்குவது? தூக்கியவர் தோற்றவர். அதனால் அவர் கூடத்திலேயே இருந்தார், அவள் அடுப்படியிலேயே இருந்தாள்.

இடையில் மாத்திரை இருந்தது. கலியபெருமாளுக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரை அட்டை அடுப்படியில் புளிப்பானைக்குப் பின்னால் இருக்கும். காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் செந்தாமரை வைப்பார். பேசாத ஆறு வருஷத்தில் ஒருநாளும் அது தவறியதில்லை. பிளவு வந்த பிறகும் தவறவில்லை. முழ அகலத்தில் நீளக் கரண்டியில் வைத்து நீட்டினார். அதற்கு மேல் ஒட்டடைக்கம்பின் நுனியில் சின்னக் கிண்ணம் கட்டி நீட்டினார். அதற்கு மேல் முருங்கை பறிக்கிற துறட்டியில் கட்டி நீட்டினார். துறட்டி எட்டாத நாளில், காட்டில் பொறுக்கிய ஒரு கல் நத்தையோடு மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி வீசினார்; சுற்று வட்டாரத்தில் பெண்கள் எறிபந்தில் பரிசு வாங்கியவர், அதனால் பன்னிரண்டு நாள் குறி தவறவில்லை. பதின்மூன்றாம் நாள் பொட்டலம் கடலில் விழுந்தது. அதை விழுங்கிய மீன் அன்று சாயங்காலம் வரை மிக நிதானமாக நீந்தியதாகப் பாவாடை சொன்னார்.

மறுநாள் செந்தாமரை முழு அட்டையையும் உத்திராபதியிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கரையில் நின்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிற நேரம். இரண்டு கரையிலும் கூட்டம். கலியபெருமாள் அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தட்டுக்குப் பக்கத்தில் வந்ததை விழுங்கியே பழகியவருக்கு அட்டையைக் கண்டதும் குழப்பமாகிவிட்டது. இரண்டு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து வாயருகே கொண்டுபோனார்.

"ஏங்க! ஒண்ணுதான்! ஒண்ணே ஒண்ணுதான்!"

விசிலை வாயில் வைத்த உத்திராபதி ஊதவில்லை. பாவாடை தூக்கிய டீ தூக்கியபடியே நின்றது. இரண்டு கரையிலும் இருந்த எல்லாரும் கலியபெருமாளின் வாயையே பார்த்தார்கள். அவர் ஒரு மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டார். தொண்டையைச் செருமினார். ஆறு வருஷத்துத் தூசி அதில் இருந்திருக்க வேண்டும், மூன்று தடவை செரும வேண்டியிருந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி!"

"சரி!"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். செந்தாமரை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்று தொடங்கி, பள்ளிக்கூடம் விட்டதும் அவர் அடுப்படியின் உடைந்த ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருவதும், இவர் கூடத்தின் உடைந்த ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருவதும், இருவரும் கடலுக்கு மேலாகக் கத்திப் பேசுவதும் வழக்கமானது. ஒரே கூரைக்குக் கீழே ஆறு வருஷம் பேசாதவர்கள் நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பேசினார்கள். கத்திப் பேசுகிறபோது குத்தல் பேச முடியாது, நீட்டி முழக்க முடியாது, உள்ளதை நாலு வார்த்தையில் சொல்லத்தான் மூச்சு இருக்கும். அதனால் சண்டையும் வரவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி பல்லு புடுங்குனேன்!"

"எந்தப் பல்லு?"

"கடைவாய்ப் பல்லு! கீழ!"

"வலிச்சுதா?"

"வலிச்சுது! கன்னம் வீங்கிப்போய்த்தான் ஒங்களுக்கு இட்லி வச்சேன்! பாக்கலையா?"

"இட்லியத்தான் பாத்தேன்!"

மேலக்கரைப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிற அளவுக்கு ஊருக்கு அது பிடித்துப்போனது. இந்த நேரத்தில் டிவி போடுவதைக்கூடப் பலர் நிறுத்திவிட்டார்கள். ஆனால் எல்லாரும் காத்திருந்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் பேசவில்லை. செந்தாமரை காத்திருந்தார். கலியபெருமாள் அதைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்.

இதற்கிடையில் நகருவது யார் என்ற சண்டை முற்றியது. மேலக்கரைக்காரர்கள், நாங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம், கீழக்கரைதான் ஓடுகிறது என்றார்கள். கீழக்கரைக்காரர்கள், சாமி இருக்கிற பக்கம் எப்படி நகரும், ஓடுவது நீங்கள் என்றார்கள். சர்வேயரைக் கேட்டார்கள். அவர் சங்கிலியைப் பிடித்து மேலக்கரை முழுக்க அளந்துவிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை வித்தியாசம் இல்லை, எனவே தன் பக்கம் நகரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லெல்லாம் சேர்ந்தே நகர்ந்தால் வித்தியாசம் எப்படி வரும் என்று அவர் மனதுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் டீச்சர் குரல் மாதிரி இருந்ததால் அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

தனக்கோடி பஞ்சாயத்தைக் கூட்டினார். இந்தக் கரைக்கு அவர்களும் அந்தக் கரைக்கு இவர்களும் வரமாட்டோம் என்றதால் மிதவையில் கூட்டினார், நடுக்கடல் ஸ்டாப்பிங்கில். செந்தாமரை கோயில் மைக்கைப் பிடித்துக் கரையிலிருந்து விளக்கினார்.

"பால் காயுறப்ப மேல ஆடை படியுதுல்ல? அடியிலேர்ந்து சூடு கெளம்பி நடுவுல கொதி வந்தா அந்த ஆடை ரெண்டாக் கிழிஞ்சு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கும். பாத்திரத்து ஓரத்துல போய் முட்டுனா சுருங்கி மடிஞ்சுக்கும். பூமிக்குள்ளயும் அப்படித்தான் சூடு இருக்கு, பாறை மெதுவாப் பாகு மாதிரி நகருது. நாம எல்லாம் ஆடை மேல உக்காந்திருக்கோம். நடுவுல கடலுக்கு அடியில புதுத் தரை உண்டாயிக்கிட்டே இருக்கு."

"அப்ப நகருறது யாரு, டீச்சர்?"

"ரெண்டு பேருந்தான், தலைவரம்மா."

இரண்டு கரைக்கும் அது பிடிக்கவில்லை. தனக்கோடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அடுப்ப அணைக்க முடியாதா?"

"முடியாதுங்க."

"சின்னதாவாவது வைக்க முடியாதா?"

அதுவும் முடியாது என்று தெரிந்ததும், ஆகவேண்டிய வேலையைப் பார்ப்போம் என்று பஞ்சாயத்து கலைந்தது. கலியபெருமாள் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அன்று சாயங்காலம் அவர் கத்தரிக்காயைப் பற்றி மட்டுமே பேசினார்.

ஐப்பசியில் மேலக்கரை தட்டாரப்பட்டியை முட்டியது. தட்டாரப்பட்டி மேற்கே இருந்த பக்கத்து ஊர். ஒருநாள் அந்த ஊர்க்காரர்கள் இருபது பேர் வரப்பில் வந்து நின்று, "ஒங்க முந்திரி எங்க சோளத்துக்குள்ள வருது" என்றார்கள். "நாங்க எங்க வந்தோம், ஒங்க சோளம்தான் வருது" என்று மேலக்கரை சொன்னது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு முந்திரி மரம் கண்ணெதிரே ஒரு சாண் முன்னேறிச் சோளத் தட்டையில் கை வைத்தது. அதற்கு மேல் ஆக வேண்டியதைக் கேட்க இரண்டு ஊரும் செந்தாமரையிடம் மிதவை அனுப்பின. அவர் சொல்லி அனுப்பிய பதில் இதுதான்: முட்டிக்கொள்கிற இரண்டில் எது கனமோ அது அடியில் போகும், எது லேசோ அது மேலே ஏறும்.

இங்கேதான் சிக்கல். நத்தைக்குறிச்சிக்கும் தட்டாரப்பட்டிக்கும் நாலு தலைமுறையாக எந்த ஊர் கனமான ஊர் என்பதில் போட்டி. தேரில் யார் முதலில் வடம் பிடிப்பது, கல்யாணப் பந்தியில் யார் முதல் வரிசை என்று எல்லாமே கனத்தை வைத்துத்தான். இப்போது ஒரே நாளில் இரண்டு ஊரும் லேசாகிவிட்டன. "எங்ககிட்ட என்னா இருக்கு, நாங்க பஞ்சு மாதிரி" என்றது தட்டாரப்பட்டி. "ஒங்களுக்கென்னாங்க, பெரிய மனுசங்க, நாங்கதான் காத்துல பறக்குற கூட்டம்" என்றது நத்தைக்குறிச்சி. ஒருவருக்கொருவர் சந்தனம் கொடுத்துக்கொண்டார்கள், முதல் பந்தியில் எதிராளியைப் பிடித்து உட்காரவைத்தார்கள், தட்டாரப்பட்டித் தலைவரின் தொப்பையைப் பற்றி இங்கே பாராட்டாகவே பேசினார்கள். கிழக்கே கீழக்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பக்கம் இருந்தது யாருக்கும் சொந்தமில்லாத கனத்த கருங்கல் பொட்டல், அது தானாகக் குனிந்து கொடுத்தது, கீழக்கரை அதன் முதுகில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

மேற்கே பதினைந்து நாள் நிலம் முனகியது. பிறகு முந்திரிக்காடும் சோளக்காடும் சுவரில் தள்ளிய கோரைப்பாய் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருண்டு எழும்பின. யாரும் அடியில் போகவில்லை, யாரும் தனியாக மேலேறவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே குன்றாக எழும்பி நின்றன. ஏன் அப்படி என்று கேட்டு அனுப்பியதற்கு டீச்சர் எழுதிய சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: "இரண்டும் ஒரே கனம்." அந்தச் சீட்டை இரண்டு ஊரும் மாறி மாறிப் படித்தன. நாலு தலைமுறை வழக்கைப் பூமியே தராசில் போட்டு நிறுத்திச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் திருப்திப்பட்டவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த வருஷம் தேர் வடத்தை இரண்டு ஊரும் சேர்ந்துதான் பிடித்தார்கள், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

குன்று நின்றதும் மேலக்கரையும் நின்றுபோனது. மறுநாள் காலை கலியபெருமாள் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் குன்றில் ஏறினார். முந்திரிக்காட்டின் மூலையில் ஒரு கல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவரே குழி வெட்டி, அவரே தூக்கி, அவரே நட்ட முதல் கல். சமதரையில் நட்டது. அதை அவர் குன்றின் உச்சியில் கண்டார். பக்கத்தில் முந்திரி மரமும் நின்றது, அதன் கிளையில் மாட்டியிருந்த யாருடைய பழைய துண்டும் அப்படியே இருந்தது. கல் ஒரு பக்கமாகச் சாயக்கூட இல்லை. நட்ட மாதிரியே நிமிர்ந்து, அறுபதடி உயரத்தில் நின்றது. அவர் சங்கிலியைக் கீழே தொங்கவிட்டு உயரத்தை அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார், பிறகு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி அதன் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் கடல் நீளமாகத் தெரிந்தது. அதற்கு அப்பால், தீப்பெட்டி அளவில், அவருடைய அடுப்படி தெரிந்தது.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் கடல் இருநூற்று இருபது மீட்டர் ஆகியிருந்தது. காற்றும் மாறியிருந்தது.

"செந்தாமரை! நெலம்..."

"என்னா? வெல்லமா?"

"நெலம்! நெலம் நகருது!"

"வெல்லம் டப்பா ஒங்க பக்கந்தான் இருக்கு! பரண் மேல!"

கூடியிருந்தவர்கள் சேர்ந்து கத்திப் பார்த்தார்கள். ஆளுக்கொரு நேரத்தில் கத்தியதில் அது கூச்சலாகத்தான் போய்ச் சேர்ந்தது. கலியபெருமாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் வந்த அவர் குரல் கீற்றாகத்தான் வந்தது. அதற்கு மறுநாள் இருவரும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். அந்தக் கையாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாவாடை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் உத்திராபதி இரண்டு கரையிலும் விசிலடித்து அறிவித்தார். அலை பெரிதாகிவிட்டது, டியூப் மிதவை இனிமேல் தாங்காது, வெள்ளிக்கிழமை மதியம் கடைசி டிரிப், அதற்குள் யார் எந்தக் கரை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று நாள் ஊர் மூட்டை கட்டியது, அவிழ்த்தது, மறுபடி கட்டியது. ஆடு மேய்க்கிறவர்கள் குன்றுக்காக மேலக்கரையில் நின்றார்கள். சுடுகாடு நம் பக்கம் இருந்தால்தான் தைரியம் என்று வயதானவர்கள் சிலர் கீழக்கரைக்குப் போனார்கள். தனக்கோடி மேலக்கரையில் இருந்துகொண்டு, கீழக்கரைக்குத் தன் நாத்தனாரை நியமித்து, நாத்தனாரைக் கடல் தாண்டி அனுப்புகிற யோசனை தனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று வருந்தினார்.

கலியபெருமாளுக்குத் தண்ணீர் பயம். எத்தனையோ குளத்தைக் கரையோரமாகவே நடந்து அளந்தவர், ஒன்றிலும் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நாலு மாதமாக உத்திராபதி அவருக்கென்று மிதவையில் ஓர் இடம் விட்டே வைத்திருந்தார். அதில் ஆட்டுக்குட்டிகள்தான் போய்வந்தன. வெள்ளிக்கிழமை மதியம் அவர் சங்கிலியும் ஒரு துணிப்பையுமாக வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டபோது, உத்திராபதிக்கு விசில் சரியாக வரவில்லை.

"சர்வேயரய்யா, கண்ணத் தொறந்து பாருங்க. இப்படி ஒரு கடல எவன் பாத்திருப்பான்?"

"எறங்குற எடம் வந்தாச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில் அது மதியத்து முதல் பாடவேளை. ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல். செந்தாமரை கரும்பலகையில் பூமியை வரைந்துகொண்டிருந்தார். வாசலில், முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு, தோளில் சங்கிலியோடு கலியபெருமாள் வந்து நின்றார். மிதவையில் வந்தவர்கள் யாரும் தங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அத்தனை பேரும் அவர் பின்னாலேயே வந்து ஜன்னல்களில் தொத்திக்கொண்டார்கள். செந்தாமரை சாக்பீஸோடு திரும்பி, புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அவர் குரல் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷமா சங்கிலி பிடிச்சு அளந்தவன் நான்," என்றார். "மொத மொதல்ல நான் நட்ட கல்லு இப்ப அறுபதடி ஒசரத்துல நிக்குது. ரெண்டு தடவை அளந்துட்டேன். நெலம் நகருது. அன்னிக்குப் பந்தியில நாப்பது பேர ஒன்னையப் பாத்துச் சிரிக்க வச்சேன். இங்க வகுப்புல முப்பத்தாறு பேருதான் இருக்காங்க. ஜன்னல்ல தொங்குறவங்களையும் சேத்துக்க."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். செந்தாமரையின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. ஒரு துண்டைக் கீழே விட்டுவிட்டு, மற்றத் துண்டால் கடைசி பெஞ்சைச் சுட்டிக்காட்டினார். கலியபெருமாள் போய் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது.

பாடம் தொடர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், மேலக்கரை நின்னுபோச்சு. நாம மட்டும் போய்க்கிட்டே இருக்கோம். எங்க போய் நிப்போம்?"

"பூமி உருண்டை," என்றார் செந்தாமரை. "கெழக்க பாத்துப் போய்க்கிட்டே இருந்தா, சுத்திக்கிட்டு மேற்கேயிருந்து வருவோம். தட்டாரப்பட்டிக்குப் பின்பக்கம் போய்ச் சேருவோம்."

"வழியில தாய்லாந்து வருதே, டீச்சர்?"

"ஒதுங்கிப் போவோம். எத்தனை வருஷம் ஆகும், போட்டுப் பாப்போமா?" அவர் பலகையில் எழுதினார். பூமியின் சுற்றளவு நாலு கோடி மீட்டர். நாளுக்கு இரண்டு மீட்டர். அப்படியானால் இரண்டு கோடி நாள். வகுத்தால் ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நாலு வருஷம். வகுப்பு அந்த எண்ணைச் சேர்ந்து வாசித்தது.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

ஜன்னலில் உத்திராபதி, "வேணாங்கய்யா, இப்பத்தான் வந்து சேந்தீங்க" என்று கெஞ்சினார். ஆனால் கலியபெருமாள் எழுந்துவிட்டார். அளவு தப்பாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது.

"நாலு கோடியே எழுபத்தஞ்சாயிரம் மீட்டர், அதுவும் பூமியோட இடுப்புல. நம்மூரு இடுப்புல இல்ல, பதினோராம் பாகையில இருக்கு. மேல போகப் போகச் சுத்தளவு கொறையும்."

அவர் முன்னால் வந்து சாக்பீஸுக்குக் கை நீட்டினார். செந்தாமரை கொடுத்தார். டீச்சரின் கணக்குக்குப் பக்கத்தில், நிலப்படத்தில் எண் போடுகிற அதே சின்ன, நிமிர்ந்த எழுத்தில் அவர் தன் கணக்கைப் போட்டார். மூன்று கோடியே தொண்ணூற்று மூன்று லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் மீட்டர். ஐம்பத்து மூவாயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது வருஷம்.

"தொள்ளாயிரத்தி அஞ்சு வருஷம் முன்னாடியே சேந்துரலாம்," என்றார்.

செந்தாமரை அவர் கணக்கை ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துச் சரிபார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்துத் தன் விடையை அழித்தார். கலியபெருமாளின் விடைக்குப் பக்கத்தில், நோட்டுப் புத்தகங்களில் போடுகிற மாதிரி ஒரு பெரிய சரிக் குறி போட்டார். அவர் பக்கமாகத் திரும்பி ஏதோ சொன்னார்.

அது மெதுவாகச் சொன்ன வார்த்தை. கடலைத் தாண்ட வேண்டியதில்லாத அளவுக்கு, ஒரு முழ தூரம் மட்டும் போகிற அளவுக்கு மெதுவாகச் சொன்னது. மூன்று மாதமாக அந்த வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுப் பழகிய ஊர் ஜன்னல் கம்பியில் காதை அழுத்திக்கொண்டு, "என்னா சொன்னாங்க? என்னா சொன்னாங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டது. ஒருவருக்கும் கேட்கவில்லை. கலியபெருமாளுக்கு மட்டும் கேட்டது.